ஆஃப்ரோடு பாதைப் பராமரிப்பு: ஒருநாள் கூட்டமா, தத்தெடுப்பா, மெஷினா?

ஜீப்பும், ஏடிவி என்கிற கரடுமுரடுத் தரைக்கான நாலுசக்கரச் சின்ன வண்டியும், மோட்டார் சைக்கிளும் ஓடுகிற ஒரு மண்பாதை கெட்டுக்கொண்டு வருகிறது. அதில் ஓட்டுகிற கிளப்காரர்கள் கூடிப் பேசுகிறார்கள். நாமே இறங்கிச் சரி செய்வோம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எப்படி இறங்குவது என்பதில்தான் பேச்சு இழுக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாரையும் திரட்டி ஒரேயடியாக வேலை செய்யலாம் என்பார் ஒருவர். பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டைத் தத்தெடுத்துக்கொள்ளலாம் என்பார் இன்னொருவர். செயின்சா, அதாவது மோட்டாரில் ஓடும் மரமறுக்கும் வாள், பிடிக்கத் தெரிந்த நாலைந்து பேரைப் பழக்கி வைத்தால் போதும் என்று ஒரு குரல் வரும். காசைச் சேர்த்து, மண் தோண்டும் சின்ன இயந்திரமான மினி எக்ஸ்கவேட்டரை வாடகைக்கு எடுத்தால் ரெண்டு நாளில் வேலை முடிந்துவிடுமே என்று கடைசியில் ஒருவர் சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும்.

நாலையும் செய்யுங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் தன்னார்வலர்களிடம் இருப்பது சில வார இறுதிகள் மட்டும். எதை முதலில் செய்வது என்று முடிவெடுத்தாக வேண்டும். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: மழைக்குப் பிறகு யாராவது திரும்பி வந்து பார்க்கிறார்களா என்பதைப் பொறுத்தே பாதையின் ஆயுள் இருக்கிறது. அந்த வகையில் தத்தெடுப்பு முன்னால் நிற்கிறது. மற்ற மூன்றும் அதற்குத் துணை.

இதெல்லாம் நிலத்தை நிர்வகிக்கும் துறையின் வேலை இல்லையா என்று கேட்கலாம். இந்த வகைப் பாதைகள் ஏராளமாக உள்ள அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அந்நாட்டு வனச்சேவையின் கையில் சுமார் 1,58,000 மைல் பாதை இருப்பதாகவும், அதில் கால்வாசிதான் துறையின் சொந்தத் தரத்துக்கே தேறுகிறது என்றும் அரசுத் தணிக்கை அலுவலகம் 2013-இல் அறிக்கை கொடுத்தது. நடைபாதை, குதிரைப்பாதை, வண்டிப்பாதை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. பிறகு 2016-இல், பாதைப் பராமரிப்பில் தன்னார்வலர் பங்கைக் கூட்டச் சொல்லி ஒரு தனிச் சட்டமே வந்தது.

வண்டிப்பாதைக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. 1972-இல் அதிபர் நிக்சன் பிறப்பித்த 11644-ஆம் எண் உத்தரவை 1977-இல் அதிபர் கார்ட்டர் 11989-ஆம் எண் உத்தரவால் இறுக்கினார். மண்ணுக்கோ தாவரங்களுக்கோ வனவிலங்குகளுக்கோ கணிசமான கேடு நடக்கிறது என்று தெரிந்தால், அந்தப் பாதையை வண்டிகளுக்கு உடனே மூட வேண்டும் என்கிறது அது. நடைபாதை அரித்துப்போனால் நடப்பவர் திட்டிக்கொண்டே நடப்பார். வண்டிப்பாதை அரித்துப்போனால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஜீப் ஓட்டுபவர்கள் மத்தியில் மிகவும் பெயர்பெற்ற கலிஃபோர்னியாவின் ரூபிகான் பாதைக்கே அந்தப் பயம் வந்தது. ஓடைகளில் சேரும் வண்டல், எண்ணெய்க் கசிவு, மனிதக் கழிவு ஆகியவற்றைக் காட்டி, அந்த வட்டார நீர்த்தர வாரியம் 2009-இல் கவுண்டி (மாவட்டம் போன்றது) நிர்வாகத்துக்குச் சுத்திகரிப்பு உத்தரவு போட்டது. சுமார் 22 மைல் நீளமுள்ள பாதை, பாறைகள் நிறைந்தது, உலகம் முழுக்க ரசிகர்கள் உள்ளது. அதற்கே அந்த நிலை.

தண்ணீர் எங்கே போகிறது?

பாதையைக் கெடுப்பது டயர் என்று நினைப்போம். டயர் தொடங்கிவைக்கும், அவ்வளவுதான். ஈர மண்ணில் சக்கரம் போனால் இரண்டு நீளப் பள்ளங்கள் விழும். அடுத்த மழையில், பக்கவாட்டில் வழிந்து போக வேண்டிய தண்ணீர் அந்தப் பள்ளத்துக்குள் மாட்டிக்கொண்டு பாதை நெடுக ஓடும். ஓட ஓட வேகம் கூடும், மண்ணை அள்ளும், பள்ளம் இன்னும் ஆழமாகும். சமதளமான இடத்தில் அதே தண்ணீர் தேங்கிச் சேறாகும். சேற்றுக்குப் பயந்து ஒருவர் ஓரமாக ஏற்றி ஓட்டுவார், அடுத்தவர் அவர் தடத்திலேயே போவார். ஒரு பருவம் முடிவதற்குள் ஒரு பாதை மூன்றாகக் கிளைத்து நிற்கும்.

ஆக, பராமரிப்பு என்பது பெரும்பாலும் தண்ணீரைப் பாதையை விட்டு வெளியே அனுப்புகிற வேலை. மலைச்சரிவில் போகும் பாதையின் மேற்பரப்பைச் சரிவு இறங்கும் பக்கமாக 3 முதல் 5 சதவீதம் வரை சாய்த்து வைப்பார்கள். பாதையின் ஏற்றம், அது போகிற சரிவின் சாய்வில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதியும் உண்டு. சரிவு 20 சதவீதம் என்றால் பாதை 10-க்குள் இருக்க வேண்டும். தாண்டினால் தண்ணீர் குறுக்கே கடந்து போகாது, பாதையோடு சேர்ந்து இறங்கும்.

இதெல்லாம் எந்தப் பாதைக்கும் பொருந்தும். வண்டி ஓடும் பாதையில் கூடுதல் தொல்லை என்னவென்றால், அந்தப் பக்கச் சாய்வு நிலைப்பதில்லை. சக்கரம் மண்ணை அமுக்கி ஓரத்தில் மேடாக ஒதுக்கிவிடும். தண்ணீருக்கு வெளியேற வழி இருக்காது. அதனால் பாதையிலேயே இடையிடையே நீண்ட தாழ்வுகள் வைக்கிறார்கள். ரோலிங் டிப் என்று பெயர். பாதை மெதுவாக இறங்கி மறுபடி மெதுவாக ஏறும். அடியில் தண்ணீர் பக்கவாட்டில் வெளியேற ஒரு வாய் இருக்கும். நடைபாதைகளில் செய்வதுபோல் குறுக்கே ஒரு மரக்கட்டையைப் பதித்துத் தண்ணீரைத் திருப்பலாமே என்றால், இங்கே அது நிற்காது. டயர் கட்டையைப் பெயர்த்துவிடும், இல்லாவிட்டால் ஓட்டுபவர் அதைச் சுற்றிக்கொண்டு போவார், அங்கே புதுத்தடம் விழும்.

எவ்வளவு நல்ல டிப்பாக இருந்தாலும் அதன் வாயில் இலையும் வண்டலும் அடைத்துக்கொண்டால் பயனில்லை. அடைப்பை எடுக்க ஒரு ஆளும் ஒரு மண்வெட்டியும் போதும், சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடம் சரியான சமயத்தில் கிடைக்க வேண்டும்.

வருஷத்துக்கு ஒரு நாள்

கூட்டம் திரட்டுவதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. புது உறுப்பினர்கள் வருவார்கள், குடும்பத்தோடு வருவார்கள், நில நிர்வாகத்தின் அதிகாரியும் வந்து பார்ப்பார். இவர்கள் ஓட்ட மட்டும் வருகிறவர்கள் இல்லை என்று அவருக்குப் படும். பாதையை மூடலாமா வேண்டாமா என்ற பேச்சு வரும் நாளில் அது உதவும்.

சில வேலைகளுக்குக் கூட்டம்தான் வேண்டும். உதாரணமாக, கள்ளத்தடங்களை அடைப்பது. சேற்றைச் சுற்றிப் போன தடத்தை மூட வேண்டுமென்றால் இறுகிப்போன மண்ணைக் கடப்பாரையால் கிளறி, விதை தூவி, பக்கத்தில் கிடக்கும் கிளைகளையும் மரத்தண்டுகளையும் இழுத்துப் போட்டு, ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரிகிற பகுதியாவது பாதை மாதிரியே தெரியாதபடி செய்ய வேண்டும். வெறும் அறிவிப்புப் பலகை யாரையும் நிறுத்தாது. வழி இருக்கிறது என்று தெரிந்தால்தானே போகத் தோன்றும்? இதற்கு முப்பது பேர் ஒரு பகல் முழுக்க வேலை செய்தால் பெரிய மாற்றம் தெரியும். கல் சுமப்பது, குப்பை பொறுக்குவது, பலகை நடுவது, வேலி கட்டுவது எல்லாமே இந்த ரகம்.

வடிகால் வேலைக்கு மட்டும் கூட்டம் சரிப்படாது. முதல் காரணம் தேதி. மூன்று நாலு மாதம் முன்பே தேதி குறித்தால்தான் ஆள் வரும். குறிப்பதும் பெரும்பாலும் வெயில் காயும் நல்ல பருவத்தில்தான். காய்ந்த மண் இறுகாது. எவ்வளவு அடித்தாலும் தூளாகவே இருக்கும். முதல் வண்டியின் டயரே அதைப் புழுதியாகக் கிளப்பிவிடும். சொதசொதவென்று நனைந்த மண்ணிலும் வேலை ஓடாது. மழை விட்டுச் சில நாள் கழித்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற ஈரம் இருக்கும்போது வெட்டிப் போட்டு அமுக்கினால்தான் மண் கெட்டிப்படும். அந்த ஈரத்தை முன்பதிவு செய்ய முடியாதே.

இரண்டாவது காரணம் உற்சாகம். வந்தவர்கள் எல்லாரும் எதையாவது வெட்ட விரும்புவார்கள். ஏழெட்டுப் பேருக்கு விஷயம் தெரிந்த ஒருவர் கூடவே நிற்காவிட்டால், பாதை தேவைக்கு மேல் சுத்தமாகிவிடும். அமெரிக்க வனப்பாதைகளில் 50 அங்குல அகலத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும் என்று ஒரு வகை நெடுங்காலமாக உண்டு. ஏடிவியைக் கணக்கில் வைத்து வந்த அளவு அது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போகிற யுடிவிகள் பல 60 அங்குலத்தைத் தாண்டும். குறுக்கே விழுந்த மரத்தைக் குறித்த அகலத்துக்கு மட்டும் வெட்டினால், மிச்சம் நிற்கிற மரமே வாசல் காவலாக இருக்கும். ஆர்வத்தில் மொத்தமாக அப்புறப்படுத்தினால் பெரிய வண்டிகளுக்குச் சிவப்புக் கம்பளம் விரித்தாகிவிட்டது.

கல்லையும் வேரையும் பெயர்த்துப் பாதையை வழவழப்பாக்குவதும் இதே கதைதான். வழவழப்பான பாதையில் வேகம் கூடும், வளைவுக்கு முன்னால் பிரேக் போடும் இடத்தில் மேடு பள்ளம் விழும். சவாலைத் தேடி வந்தவர்களோ பக்கத்துச் சரிவில் ஏறப் பார்ப்பார்கள். கரடுமுரடு குறையென்று யார் சொன்னது? தண்ணீரைத் தேக்காத கல்லை அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிடலாம்.

தத்தெடுப்பு

ஒரு பாதையையோ அதன் ஒரு துண்டையோ இரண்டு மூன்று பேர் அல்லது ஒரு குடும்பம் பொறுப்பேற்றுக்கொள்வது. பருவம் தொடங்கும்போது ஒரு முறை, பெரிய மழைக்குப் பின் ஒரு முறை, இலையுதிர்ந்த பின் ஒரு முறை போய்ப் பார்த்தால்கூடப் போதும். எப்படியும் அந்தப் பக்கம் வண்டி ஓட்டத்தானே போகிறார்கள். வண்டியில் ஒரு மண்வெட்டி, ஒரு கைவாள், கிடைத்தால் ஒரு மெக்லியோட். 1905-இல் மால்கம் மெக்லியோட் என்ற வனக்காவலர் காட்டுத்தீ வேலைக்காக உருவாக்கிய கருவி அது. ஒரு பக்கம் அகலத் தகடு, மறுபக்கம் தடித்த பற்கள். கவிழ்த்து வைத்துத் தட்டினால் மண்ணை அமுக்கவும் செய்யலாம். டிப்பின் வாயைத் திறப்பதற்கு இதைவிடத் தோதான கைக்கருவி எனக்குத் தெரியவில்லை.

இந்த முறையின் பலமே பழக்கம்தான். எந்த டிப் எப்போதும் அடைக்கும், எந்த வளைவில் ஊற்று கசியும், எங்கே புதிதாகச் சுற்றுத்தடம் விழுகிறது என்று அந்தத் துண்டைப் பார்த்துக்கொள்கிறவருக்குத் தெரிந்துவிடும். பள்ளம் கணுக்கால் ஆழத்தில் இருக்கும்போதே அவர் அதைப் பிடித்துவிடுவார். முழங்கால் ஆழத்துக்குப் போன பிறகு மெஷின்தான். சுற்றுத்தடமும் அப்படியே. இரண்டு வண்டி போன தடத்தின் வாயில் நாலு கிளையை இழுத்துப் போட்டால் முடிந்தது. ஒரு பருவம் ஓடி இறுகிய தடத்துக்கு மேலே சொன்ன முப்பது பேர் வேண்டும்.

குறைகளும் உண்டு. முதல் வருஷம் ஆர்வமாக இருப்பவர் அடுத்த வருஷம் வண்டியையே விற்றிருப்பார். பெயர்ப்பலகையில் பெயர் மட்டும் நின்று, ஆள் வராத துண்டுகள் இருக்கத்தான் செய்யும். அதனால் ஒரு துண்டுக்கு ஒரே ஆளை நம்பக் கூடாது. கிளப்பில் ஒருவர் எல்லாத் துண்டுகளையும் பற்றி வருஷத்துக்கு இரண்டு தடவையாவது விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். சலிப்பான வேலை, யாரும் நன்றி சொல்லமாட்டார்கள். அந்த ஆள் இல்லாத கிளப்பில் தத்தெடுப்பு வெறும் காகிதத்தில்தான் இருக்கும்.

இன்னொன்று, எழுத்துப்பூர்வமான உடன்பாடு. அடைப்பை எடுக்கலாம், விழுந்த மரத்தை நகர்த்தலாம், புது மண்ணில் கை வைக்கக் கூடாது என்பது போன்ற எல்லைகள் அதில் தெளிவாக இருக்க வேண்டும். அடிபட்டால் என்ன செய்வது என்பதும் அதோடுதான் வருகிறது. அமெரிக்க வனச்சேவையில் 1972-ஆம் ஆண்டுத் தன்னார்வலர் சட்டப்படி, முறையாகப் பதிவு செய்துகொண்டு வேலை பார்க்கிறவர் காயம்பட்டால் இழப்பீட்டு விஷயத்தில் அரசு ஊழியரைப் போலவே நடத்தப்படுவார். பதிவு செய்யாமல் தானாகப் போய் மண் வெட்டுகிறவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கேட்காமல் செய்த நல்ல வேலை, துறையின் கண்ணில் நிலத்தைச் சேதப்படுத்தியதாகவும் தெரியலாம்.

செயின்சா குழு

இதை விருப்பத் தேர்வாகவே நான் பார்க்கவில்லை. காட்டுக்குள் போகும் பாதை என்றால் வேண்டும், வெட்டவெளியிலோ மணலிலோ போகும் பாதை என்றால் வேண்டாம். புயலில் சாய்ந்த மரம் பார்க்கச் சாதுவாகக் கிடக்கும். உள்ளே வில்லைப் போல வளைந்து நிற்கும் தண்டு, வெட்டியதும் எந்தப் பக்கம் துள்ளும் என்று படித்து அறிய வேண்டும். அதனால்தான் அமெரிக்க வனச்சேவை தன்னார்வலராக இருந்தாலும் சான்றிதழ் இல்லாமல் செயின்சாவைத் தொட விடுவதில்லை. ஏ, பி, சி என்று திறமைக்கேற்ற நிலைகள் வைத்திருக்கிறது. நாலைந்து பேரை அனுப்பிப் பயிற்சி கொடுத்து, தத்தெடுத்தவர்கள் கூப்பிடும்போது போகிற குழுவாக வைத்துக்கொள்ளலாம். பாதை முழுவதற்கும் அவர்களையே பொறுப்பாக்கினால் மரம் இல்லாத பாதை கிடைக்கும், வடிகால் அப்படியே அடைத்துக் கிடக்கும்.

மெஷின்

நாள் முழுக்கப் பத்துப் பேர் வெட்டுகிற மண்ணை மினி எக்ஸ்கவேட்டர் சீக்கிரமே வெட்டிப் போட்டுவிடும். அது உண்மை. ரோலிங் டிப்பைப் புதிதாக உருவாக்குவதற்கு, அதுவும் ஜீப் ஓடும் பாதையில், வேறு வழியே இல்லை என்றுகூடச் சொல்வேன். டிப் நீளமாக இருக்க வேண்டும். வண்டியின் நீளத்தைவிடக் குட்டையாக இருந்தால் முன்பக்கம் இடிக்கும், அல்லது வண்டி துள்ளி இறங்கும் இடத்தில் மேடு சிதையும். அத்தனை மண்ணைக் கையால் நகர்த்தச் சொல்வது தன்னார்வலரை ஒரே நாளில் விரட்டியடிக்கும் வழி.

மோட்டார் சைக்கிள், ஏடிவி பாதைகளில் அலை அலையாக விழும் மேடுபள்ளங்களுக்கும் மெஷின்தான். வூப்ஸ் என்று ஓட்டுபவர்கள் சொல்வார்கள். பள்ளத்தில் மண்ணை நிரப்பிவிட்டால் போதும் என்று தோன்றும். நிரப்பிய மண் இளகியது, பக்கத்து மேடு இறுகியது. சில வாரங்களில் பழைய அலை அதே இடத்தில் திரும்பி வரும். பள்ளத்தின் அடியையும் தாண்டி முழு மண்ணையும் கிளறி, ஈரத்தோடு சேர்த்து மறுபடி இறுக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் ஓட்டம் அதிகமுள்ள பாதையில் அவை திரும்ப வரும், தாமதமாக.

மெஷினில் நான் பயப்படுவது ஓட்டுநரைப் பார்த்துத்தான். சாலை போட்டுப் பழகியவர் கையில் கொடுத்தால் சாலைதான் போட்டுத் தருவார்: அகலமாக, நேராக, இரண்டு பக்கமும் கால்வாயோடு. பாதை வேலை தெரிந்த ஓட்டுநர் கிடைக்காவிட்டால், கிளப்பில் விஷயம் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு டிப்புக்கும் முன்னால் கொடி நட்டு, மெஷின் நகர்வதற்கு முன் நடந்து காட்ட வேண்டும். சக்கரத்திலும் வாளியிலும் ஒட்டிய களைவிதை புது இடத்துக்கு வராமல் இருக்க, பாதைக்குள் நுழையும் முன் மெஷினைக் கழுவச் சொல்வதும் நல்லது.

வேலை முடிந்ததும் மெஷின் போய்விடும். அடுத்த மழையில் டிப்பின் வாய் அடைக்கும்போது அது இருக்காது. பணம் கொட்டிச் சீர்செய்த பாதையை இரண்டே பருவத்தில் பழைய நிலைக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் இந்த இடைவெளிதான்.

எந்த வழியாலும் காப்பாற்ற முடியாத பாதைகளும் உண்டு. சரிவில் நேர் மேலே ஏறுகிற பாதையில் எத்தனை டிப் வைத்தாலும் தண்ணீருக்கு வெளியேற இடமிருக்காது. இரண்டு பக்கமும் பாதையைவிட உயரமாக இருக்கும். அதை விட்டுவிட்டுச் சரிவின் குறுக்கே புதுப்பாதை கேட்பதே வழி. புது மண்ணைத் தோண்டுவதற்கு முன் தாவரம், தொல்லியல் என்று ஆய்வுகள் நடக்கும், வருஷங்கள் ஆகலாம். அந்த முடிவு நில நிர்வாகத்தின் கையில். சதுப்பான சமதளத்தில் வேறு கதை. அங்கே பாதையை நகர்த்த இடமில்லை என்றால், ஜியோடெக்ஸ்டைல் என்கிற, மண்ணுக்கு மேல் விரிக்கும் உறுதியான செயற்கைத் துணியை விரித்து மேலே கல்லைப் பரப்பலாம். துணி இல்லாமல் கொட்டினால் கல் மெல்ல மெல்லச் சேற்றுக்குள் இறங்கிவிடும். கல்லை மெஷின் கொண்டுவந்து கொட்ட, கூட்டம் பரப்பி அடுக்கினால் ஒரே நாளில் முடிகிற வேலை இது. கூட்டமும் மெஷினும் ஒன்றாக வேண்டிய இடம் இது ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது.

அப்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

உறுப்பினர்களில் சிலராவது பாதைக்குப் பக்கத்தில் இருந்தால், அல்லது அடிக்கடி அந்தப் பக்கம் ஓட்டப் போனால், தத்தெடுப்பில் தொடங்குங்கள். பாதையின் வடிகால் அமைப்பே குலைந்திருந்தால் முதலில் ஒரு தடவை மெஷின், அது போன அன்றைக்கே தத்தெடுப்பு. வரிசை மாறினால், அதாவது பார்த்துக்கொள்ள ஆள் ஏற்பாடு செய்யாமல் மெஷினுக்குப் பணம் திரட்டினால், அந்தப் பணத்தைச் சேமித்து வைப்பதே மேல். கிளப்பில் எல்லாரும் தொலைவில் இருக்கிறார்கள், பாதைக்குப் போய்வரவே ஒரு நாள் ஆகும் என்றால் தத்தெடுப்பு நடக்காது. அங்கே கூட்டம்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு பெரிய கூட்டத்துக்குப் பதில் மழைப் பருவத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு சிறிய கூட்டம் வைக்கலாம். முன்னால் வருகிறவர்கள் டிப் வாய்களை மட்டும் பார்க்கட்டும். ஈர காலத்தில் பாதையைத் தற்காலிகமாக மூடச் சொல்லி நிர்வாகத்திடம் கிளப்பே கேட்டால், அந்தச் சில வாரம் எந்தத் தன்னார்வலரும் செய்ய முடியாத பராமரிப்பைச் செய்துவிடும். உறுப்பினர்கள் முணுமுணுப்பார்கள், இருந்தாலும் கேட்கலாம்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் எரிபொருள் வரியோடு தொடர்புடைய பாதை நிதித் திட்டம் ஒன்று 1991-இலிருந்து இருக்கிறது. அதில் 30 சதவீதம் வண்டிப்பாதைகளுக்கு என்று ஒதுக்கீடு. இப்படிப்பட்ட மானியங்களில் விண்ணப்பிப்பவரும் தன் பங்கு போட வேண்டியிருக்கும். தன்னார்வலர் உழைத்த மணிநேரத்தையே அந்தப் பங்காகக் காட்ட இடமுண்டு. தத்தெடுத்தவர் மண்வெட்டியோடு செலவழிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் நாளைய எக்ஸ்கவேட்டருக்குப் பணமாகலாம் என்று அர்த்தம். அதற்குப் பெயர், தேதி, எந்தத் துண்டு, எத்தனை மணிநேரம் என்ற பதிவு வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அனுப்பமாட்டார்கள். வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கையெழுத்து வாங்கிவிடுங்கள்.